மூன்று இட்லிச் செலவில் ஒரு நாள்

கேள்வி: எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம் கடைமடை நிலம். கொஞ்சம் நெல், மிச்சம் தென்னை. ஏழாவது படிக்கும் என் பேத்தி போனில் ஒரு வீடியோ காட்டினாள். நீள நகத்தோடு ஒரு பிராணி மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பதுபோல நகர்கிறது. முகத்தில் சிரிப்பு வேறு. கீழே ‘தேவாங்கு, உலகத்திலேயே பெரிய சோம்பேறி’ என்று போட்டிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் அப்பாயி காலத்தில் ஊருக்குள் தேவாங்கு கொண்டுவந்து காட்டுவார்கள். நானும் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன். அது கைக்குள் அடங்கும், கண் மட்டும் முகம் பூராவும் இருக்கும். அதன் முடியை வைத்துத் தாயத்துக் கட்டிக் கொடுப்பார்கள். அப்பாயி வாங்கிய தாயத்து ஒன்று இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. இரண்டும் ஒரே பிராணியா? மூன்று விரல் என்கிறார்களே, அது என்ன கணக்கு? வாரத்துக்கு ஒரு தடவைதான் ‘வெளியே’ போகுமாம், அதற்கென்றே மரத்தை விட்டு இறங்குமாம், நிஜமா? பேத்தியின் கேள்வி ஒன்று பாக்கி: ‘நம்ம தோப்பில் ஒன்று விட்டால் பிழைக்குமா?’
— ஒரு வாசகி, பேராவூரணி வட்டம்

பதில்: அம்மா, உங்கள் சந்தேகம் சரி. வீடியோவில் இருப்பது தேவாங்கு இல்லை. அது ஸ்லாத், அதிலும் மூவிரல் ஸ்லாத். நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஹோண்டுராசிலிருந்து அர்ஜென்டினாவின் வடக்குவரை உள்ள மழைக்காடுகள்தான் அதன் ஊர். இந்தியாவில் அது ஒருநாளும் இருந்ததில்லை. நீங்கள் சின்னப் பிள்ளையில் பார்த்ததுதான் தேவாங்கு. அது குரங்குக்கும் நமக்கும் தூரத்துப் பங்காளி. ஸ்லாத்துக்குப் பங்காளிகள் அங்கேயே இருக்கிற எறும்புதின்னியும், ஓடு போர்த்திய அர்மடில்லோவும்தான். ஆக, தேவாங்கை ஸ்லாத் என்பதைவிட உங்களையும் என்னையும் தேவாங்கு என்பது உண்மைக்குக் கிட்ட வரும்.

ஆனால் வீடியோ போட்ட பையனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்தக் குழப்பத்துக்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வயது. உயிர்களுக்கெல்லாம் முறையாகப் பெயர் சூட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1735-ல் தன் முதல் பட்டியலில் ஸ்லாத்தை மனிதனோடும் குரங்கோடும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். 1758-ல் வந்த பத்தாம் பதிப்பில் ஸ்லாத்தை வேறு வரிசைக்கு மாற்றினார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘பிராடிபஸ்’. கிரேக்க மொழியில் மெதுவான கால் என்று அர்த்தம். அதே புத்தகத்தில் தேவாங்குக்கு அவர் வைத்த பெயர் ‘டார்டிகிரேடஸ்’. லத்தீனில் அதற்கும் மெதுவாக நடப்பது என்றே பொருள். இலங்கையில் இருக்கும் செந்தேவாங்குக்கு இன்றுவரை அந்தப் பெயர்தான். 1770-ல் வோஸ்மார் என்ற டச்சுக்காரர் வங்காளத்துத் தேவாங்கு ஒன்றை ‘ஐந்து விரல் ஸ்லாத்’ என்றே எழுதிவைத்தார். அதோடு விட்டார்களா? 1791-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் நம் நாட்டுக் கரடியின் நீள நகத்தையும், மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு இல்லாததையும் பார்த்து, அதையும் ஸ்லாத் வகையில் சேர்த்துவிட்டார். தப்பு தெரிந்து பிறகு மாற்றினார்கள். ஆனாலும் புற்றைப் பிளந்து கரையானை உறிஞ்சும் அந்த முரட்டுக் கரடிக்கு ஆங்கிலத்தில் இன்னமும் ஸ்லாத் கரடி என்றுதான் பெயர். படித்தவர்கள் இத்தனை பேர் தடுமாறிய இடத்தில் வீடியோக்காரப் பையன் எம்மாத்திரம்.

இனி விரல் கணக்கு. ஸ்லாத்தில் மூவிரல், இருவிரல் என்று இரண்டு குடும்பம். இந்தக் கணக்குக் கைக்கு மட்டும்தான். காலைப் பார்த்தால் இரண்டுக்குமே மூன்று. விரல் என்று சொல்வதும் கொஞ்சம் மிகை. விரல்கள் தோலுக்குள் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்க, கொக்கிபோல வளைந்த நீள நகங்கள்தான் வெளியே தெரியும். இரண்டையும் பார்த்தால் அண்ணன் தம்பி என்போம். உண்மையில் அவற்றின் வழிகள் பிரிந்து பல லட்சம் தலைமுறை ஆகிவிட்டன. இரண்டுக்கும் முன்னோர் மரத்தில் ஏறாத தரை ஸ்லாத்துகள். தரை ஸ்லாத்து வகைகளில் ஒன்றான மெகாதேரியம் யானை அளவுக்கு இருந்தது. அப்படிப்பட்ட வம்சத்தில் இரண்டு கிளைகள் தனித்தனியாக மரமேறி, தனித்தனியாகத் தலைகீழாகத் தொங்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் ஒன்றுபோல ஆகிவிட்டன. உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதிகளில் இது ஒன்று.

இப்போது அந்தச் ‘சோம்பேறி’ப் பட்டத்துக்கு வருகிறேன். கடைமடைக்காரரான உங்களுக்கு இதைப் புரியவைப்பது எனக்குச் சுலபம். மேட்டூரில் தண்ணீர் குறைந்து முறை வைத்து விடும் வருஷத்தில் உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று நிச்சயம் கிடையாது. அந்த வருஷத்தில் நீங்கள் எல்லா நிலத்திலும் நடவு நட மாட்டீர்கள். வருகிற தண்ணீருக்குத் தக்கபடி நிலத்தைச் சுருக்கிக்கொள்வீர்கள். கரையில் நின்று பார்க்கிற வெளியூர்க்காரன் தரிசைப் பார்த்துவிட்டு ‘பாடுபடாத ஆள்’ என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஸ்லாத்தின் வாய்க்காலில் வருவது இலை. முற்றிய இலையில் நார் அதிகம், சத்துக் குறைவு, போதாததற்குப் பூச்சியை விரட்ட மரம் சேர்த்து வைத்திருக்கும் நஞ்சு வேறு. மாடும் வைக்கோல் தின்றுதான் பிழைக்கிறது என்பீர்கள். மாடு தரையில் நிற்கிறது. எவ்வளவு பெரிய வயிறு வைத்துக்கொண்டாலும் தரை தாங்கும். மரக்கிளை தாங்காது. இலை தின்ன வேண்டும் என்றால் பெரிய வயிறு வேண்டும், மரத்தில் இருக்க வேண்டும் என்றால் சின்ன உடம்பு வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பிராணிக்கு ஒரே வழிதான் உண்டு: செலவைக் குறைப்பது.

ஸ்லாத் குறைத்திருக்கும் அளவு கொஞ்சநஞ்சமில்லை. காட்டில் சுதந்திரமாகத் திரியும் மூவிரல் ஸ்லாத்துகளின் செலவை அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். உடம்பில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 162 கிலோஜூல். குளிர்காலத்தில் முடங்கித் தூங்கும் பிராணிகளை விட்டுவிட்டால், பாலூட்டிகளில் அளந்தவரை இதற்குக் கீழே கிடையாது. நாலு கிலோ ஸ்லாத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று இட்லி. ஏறுவது, இறங்குவது, செரிப்பது, குட்டியைச் சுமப்பது எல்லாம் அந்த மூன்று இட்லிக்குள்தான். சட்னி கூடக் கிடையாது.

இந்தச் சிக்கனத்தின் அடையாளம் அதன் உடம்பில் எங்கே தொட்டாலும் தெரியும். நம் உடம்பு இரவும் பகலும் 37 டிகிரியிலேயே இருக்க வேண்டும். சாப்பாட்டில் பெரும்பங்கு அந்த அடுப்புக்கே போகிறது. ஸ்லாத் அந்த அடுப்பைச் சிறுதீயில் வைத்திருக்கிறது. அதன் உடம்புச் சூடு சுமார் 30-லிருந்து 34 டிகிரிக்குள், காற்றின் சூட்டைப் பின்பற்றி ஏறி இறங்கும். காலையில் உச்சிக்கிளைக்கு வந்து ஓணான்போல வெயில் காயும். சதையும் குறைவு. ஆனால் இருக்கிற சதை எல்லாம் இழுத்துப் பிடிக்கிற சதை. பிடியை விட்டுவிடுவதுதான் அதற்கு வேலை, பிடித்திருப்பது வேலையில்லை. செத்த பிறகும் கிளையில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்லாத்துகளைப் பற்றிய குறிப்புகள் உண்டு. தரையில் இறக்கி விட்டால் காலை ஊன்றி நிற்கத் தெரியாது. முன்கையால் தரையைப் பற்றித் தன்னை இழுத்துக்கொண்டு போகும்.

மாட்டுக்குப்போலவே அதற்கும் பல அறை வைத்த இரைப்பை. ஆனால் அசை போடாது. உள்ளே நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்க வைக்கும். மாட்டுக்கு இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை இதற்கு ஒரு வாரத்தைத் தாண்டும், சில வாரங்கள் வரைகூட இழுக்கும். நிறைந்த வயிறு மட்டுமே உடம்பு எடையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். தலைகீழாகத் தொங்கும்போது இவ்வளவு பாரம் நுரையீரல்மேல் விழுந்தால் மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிடுமே? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. இரைப்பையையும் ஈரலையும் கீழ் விலா எலும்போடு இழுத்துக் கட்டிய நார்ப்பட்டைகள் இருப்பதை 2014-ல் எழுதினார்கள். பரணில் மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டுவோமே, அதுபோல. பாரம் விலாவில் தொங்கும், நுரையீரல் நசுங்காது.

கழுத்தைச் சொல்லாமல் விட்டால் தஞ்சாவூர்க்காரனுக்கு அழகில்லை. மனிதனுக்குக் கழுத்தெலும்பு ஏழு. யானைக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். பாலூட்டிகளில் இந்தச் சட்டத்தை மீறியவை ஸ்லாத்துகளும், உங்கள் பக்கத்துக் கடலில் புல் மேயும் கடற்பசுவின் உறவான மனாட்டியும் மட்டுமே. மனாட்டிக்கு ஆறு, மூவிரல் ஸ்லாத்துக்கு எட்டோ ஒன்பதோ. அதனால் உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் முக்கால் வட்டம் திருப்பும். நம் தலையாட்டி பொம்மைக்குக்கூட இந்த வித்தை வராது. உடம்பைத் திருப்புகிற செலவு மிச்சம். சுற்றியுள்ள இலையும் தெரியும், எதிரியும் தெரியும். தெரியும் என்றா சொன்னேன்? அதற்குக் கண் பார்வை மோசம். நிறம் பிரித்தறியும் செல்களே அதன் கண்ணில் வேலை செய்வதில்லை. நல்ல வெயிலில் கண் கூசும். தொட்டும் முகர்ந்தும்தான் அதன் உலகம்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளில் இருபது மணி நேரம் தூங்கும் என்று வீடியோக்களில் அடித்துவிடுகிறார்கள். கூண்டில் வைத்துப் பார்த்தவர்கள் சொன்னதே பதினாறு மணி நேரம்தான். பனாமாக் காட்டில் திரியும் மூவிரல் ஸ்லாத்துகளின் தலையில் மூளை அலையைப் பதியும் சின்னக் கருவியைப் பொருத்தி 2008-ல் சொன்ன கணக்கு ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. நம் வீட்டில் லீவு நாளில் பிள்ளைகள் தூங்குவதைவிடக் குறைச்சல்.

அடுத்து நீங்கள் கேட்கக் கூச்சப்பட்ட விஷயம். நிஜம்தான். ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தடவைதான். மேலே இருந்தபடியே முடித்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் மூவிரல் ஸ்லாத் மெனக்கெட்டு அடிமரம்வரை இறங்குகிறது. குட்டை வாலால் தரையில் சின்னக் குழி பறிக்கிறது, வேலையை முடிக்கிறது, மேலே சருகு விழும்படி செய்துவிட்டுத் திரும்ப ஏறுகிறது. அந்த ஒரு தடவையில் உடம்பு எடையில் மூன்றில் ஒரு பங்குவரை குறைந்துவிடுவதும் உண்டு. மேலே ஹார்ப்பிக் கழுகுக்குப் பயந்து இலைக்குள் மறைந்து வாழும் பிராணி, ஜாகுவார் திரியும் தரைக்குத் தானே இறங்கி வருகிறது. காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஆள் இந்த ஒரு விஷயத்தில் இவ்வளவு தாராளமாக இருப்பானேன்?

இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது உங்களுக்கு உடனே பிடிக்கும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1970-களில் ஆராய்ந்த மாண்ட்காமரி, சன்குவிஸ்ட் இருவரும், தான் தின்கிற மரத்துக்கே எரு போடுகிறது என்றார்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் வந்து நம் வயலில் கிடை போடுகிறார்களே, அந்தக் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பெரிய மரத்துக்கு வாரம் ஒரு கூடை எரு எந்த மூலைக்கு?

இரண்டாவது காரணம் 2014-ல் வந்தது, கதைபோலவே இருக்கும். ஸ்லாத்தின் ரோமத்துக்குள் க்ரிப்டோசஸ் என்ற அந்துப்பூச்சி குடியிருக்கிறது. ஸ்லாத் இறங்கும்போது பெண்பூச்சி அந்தச் சாணத்தில் முட்டை இடும். புழு அங்கேயே வளர்ந்து, பூச்சியாகி, மேலே பறந்து போய் ஒரு ஸ்லாத்தின் ரோமத்தில் புகுந்துகொள்ளும். அங்கே செத்து மக்கும் பூச்சிகள், ரோமத்தில் வளரும் பச்சைப் பாசிக்கு உரமாகும். அந்தப் பாசிக்கு ட்ரைக்கோஃபிலஸ் வெல்கெரி என்று பெயர். ஸ்லாத் ரோமம்தான் அதற்கு வீடு. மழைக்காலத்தில் ஸ்லாத் பச்சையாகத் தெரிவது இதனால்தான். நம் வயலில் நீலப்பச்சைப் பாசியும் அசோலாவும் வளர்க்கிற மாதிரி, ஸ்லாத் தன் முதுகிலேயே ஒரு நாற்றங்கால் போட்டு, அந்தப் பாசியை நக்கித் தின்று இலையில் கிடைக்காத சத்தை ஈடுகட்டுகிறது என்பது இதைச் சொன்னவர்களுடைய வாதம். எனக்கு இதில் முழு நம்பிக்கை வரவில்லை. ஸ்லாத் தன் ரோமத்தை நக்கித் தின்று யாரும் அடிக்கடி பார்த்ததில்லை. பூச்சி இருப்பதும் பாசி இருப்பதும் உண்மை. பூச்சிக்காகத்தான் அது உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறது என்பதுதான் உறுத்துகிறது. பார்வை மங்கலான, தனியாகவே வாழ்கிற, ஓடிப்போய்த் துணை தேட வசதியில்லாத ஒரு பிராணிக்கு அடிமரத்தில் விட்டுப் போகும் வாசனைதான் தபால் என்று சிலர் சொல்வது எனக்கு ஏற்பாய்ப் படுகிறது.

துணை தேடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. பெண் ஸ்லாத் மரத்தின் உச்சியில் இருந்துகொண்டு விசில்போலக் கீச்சிட்டுக் கூப்பிடும். பிரேசிலில் அதற்கு ‘ஐ’ என்று பெயர் வந்ததே அந்தக் குரலால்தான். ஒரு பேறுக்கு ஒரே குட்டி. சுமார் ஆறு மாதம் அது தாயின் வயிற்றில் தொற்றிக்கொண்டே ஊர் சுற்றும். தாய் தின்கிற இலையைத் தாயின் வாயோரமாகவே நக்கிப் பழகும். எந்த மரம் உதவும், எந்த மரம் உதவாது என்பது அப்படித்தான் அதற்குத் தெரியவருகிறது. பிறகு பெரும்பாலும் தாய்தான் குட்டிக்கு அந்த மரங்களை விட்டுவிட்டு நகர்ந்துகொள்ளும். நம் ஊரில் தோப்பைப் பிரித்துக் கொடுப்பது இவ்வளவு சுமுகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

இதில்தான் உங்கள் பேத்தியின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. உங்கள் தோப்பில் பிழைக்காது, கண்ணு. தென்னங்கீற்று அதற்கு ஆகாரமில்லை. பூவரசும் புங்கையும் வேலியோரம் இருக்கலாம். அவற்றைத் தின்னச் சொல்லிக் கொடுக்க அதற்குத் தாய் இல்லை. தோப்பில் ஒரு தென்னைக்கும் அடுத்த தென்னைக்கும் நடுவே வெறும் காற்று. ஸ்லாத்துக்குக் கிளையோடு கிளை கோத்த கூரை வேண்டும், ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி ஏற அதன் மூன்று இட்லி போதாது. மார்கழிப் பனியில் உடம்புச் சூடு இறங்கினால் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களும் மந்தமாகிவிடும். சூடு குறைந்த நாட்களில் ஸ்லாத் சாப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும் என்று 2015-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். காட்டை விட்டு வெளியே மூவிரல் ஸ்லாத்தை வளர்ப்பது பெரிய மிருகக்காட்சிசாலைகளுக்கே கைவராத காரியம். அங்கெல்லாம் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இருவிரல்தான். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கத்துத் தென்னைகளை ஒரே இரவில் சாய்த்ததே, மரத்தையே நம்பி இருக்கும் ஒரு பிராணிக்கு அப்படி ஓர் இரவு போதும்.

ஆனால் ஒரு ஸ்லாத் மட்டும் உங்கள் ஊரை வந்து பார்த்தால் கொஞ்சம் யோசிக்கும் என்று நினைக்கிறேன். பனாமாக் கரைக்கு அப்பால் எஸ்குடோ தெ வெராகுவாஸ் என்று நாலு சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரு தீவு. அங்கே அலையாத்திக் காட்டில், நம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கு உறவான மரங்களில் குள்ள ஸ்லாத் ஒன்று வாழ்கிறது. 2001-ல்தான் அதற்குத் தனி இனம் என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் வேறு எங்கும் அது இல்லை. அழிவின் விளிம்பில் இருக்கிறது. தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும் என்று நினைக்காதீர்கள். வயிறு நிறையப் புளிப்புக் காற்று இருப்பதால் மிதக்கும், நீள்கையால் வலித்துக்கொண்டு தரையில் போவதைவிட மூன்று மடங்கு வேகத்தில் நீந்தும். முத்துப்பேட்டைக் கழிமுகத்தில் படகில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் குள்ளன் ஞாபகம் வருவது உண்டு.

இப்போது உங்கள் தேவாங்கு. அதைத் தேடி அமெரிக்கா போக வேண்டாம். காவிரி வருகிற வழியிலேயே இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர், அய்யலூர் பக்கத்துக் காடுகளில் 11,806 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் என்று அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அதுதான் முதல் சரணாலயம். அதற்குச் சில வாரம் முன்னால், அதே வருஷம் செப்டம்பரில், உங்கள் பேராவூரணிக்குக் கிழக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்றும் அறிவித்தார்கள். கூச்ச சுபாவமுள்ள இரண்டு பிராணிகளுக்கு ஒரே பருவத்தில் யோகம் அடித்தது.

அய்யலூர்க் காட்டில் ஒரு தடவை இரவு நடந்திருக்கிறேன். தலைவிளக்கில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்குத் துன்பம். ரொம்ப நேரம் முள்ளும் கள்ளியும்தான். பிறகு ஒரு கருவேல மரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் பீடி பிடிப்பதுபோல இரண்டு கங்கு தெரிந்தது. அதுதான் தேவாங்கு. இருநூறு முந்நூறு கிராம்தான் இருக்கும், வால் கிடையாது, கால்கள் ஈர்க்குச்சி. அது இலையைச் சீண்டுவதில்லை. எறும்பு, கரையான், வண்டு, எப்போதாவது ஒரு பல்லி. மெதுவாக, ஒரு இலைகூட அசையாமல் கிட்டே போகும். கடைசி ஒரு சாணில் இரண்டு கையும் மின்னல். சோம்பேறிக்கு இப்படிக் கை வராது. கட்டெறும்பு கடித்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டே மென்றதையும் அன்று பார்த்தேன்.

அய்யலூர்த் தேவாங்குகளைத் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து நேக்கரிஸ், சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங் போன்ற ஆராய்ச்சியாளர்கள் இரவிரவாகப் பின்தொடர்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். தனிமை விரும்பி என்ற பழைய பேச்சு அங்கே உடைந்தது. பகலில் பல தேவாங்குகள் ஒன்றாகக் கட்டிப்பிடித்து உருண்டையாகத் தூங்கும். இரட்டைக் குட்டி சாதாரணம். ஸ்லாத் தாய் குட்டியை இறக்கி விடாது என்றேன். தேவாங்குத் தாய் நேர் எதிர். சில வாரம் போனதும் இருட்டியவுடன் குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரைதேடப் போய்விடும், குட்டி அங்கேயே காத்திருக்கும். வயலுக்குப் போகிற தாய் வரப்போர மரத்தில் தூளி கட்டிவிட்டுப் போகிற மாதிரி.

அப்படியானால் இரண்டுக்கும் பொருத்தமே இல்லையா? ஒன்று இருக்கிறது. அதை லின்னேயஸ் பார்க்கவில்லை, அறுத்துப் பார்த்தவர்கள்தான் பார்த்தார்கள். இரண்டுக்கும் கை கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய் ஒற்றைக் குழாயாகப் போவதில்லை. தலைப்பில் மதகு வைத்துப் பல கன்னி வாய்க்காலாகப் பிரிப்பதுபோல, மெல்லிய குழாய்க் கற்றையாகப் பிரிந்து பின்னிக்கொண்டு போகிறது. மணிக்கணக்கில் பிடியைத் தளர்த்தாமல் கிளையைப் பற்றிக்கொண்டிருக்க இது உதவுகிறது என்பது பலருடைய கருத்து. உடம்பின் செலவும் இரண்டுக்குமே அளவுக்குக் குறைவு. கடலுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் உறவே இல்லாத இரண்டு பிராணிகள் மரத்தில் மெதுவாக வாழ்வது என்று தீர்மானித்தபோது உடம்பு ஒரே மாதிரி வாய்க்கால் வெட்டிக்கொண்டது.

இரண்டுக்கும் கண்டமும் ஒரே மாதிரிதான். காட்டின் நடுவே ரோடும் மின்கம்பியும் போட்டுவிட்டால் ஸ்லாத் கம்பியைக் கொடி என்று நினைத்துப் பிடித்து மின்சாரத்தில் சாகிறது. கோஸ்டாரிகாவில் இதற்காகவே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டுகிறார்கள். நம் வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்குக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேவாங்குக்கு ரோட்டோடு இன்னொரு எமனும் உண்டு, மூடநம்பிக்கை. அதன் கண்ணையும் முடியையும் மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் விற்றார்கள். மெலிந்த பிள்ளையைத் ‘தேவாங்கு’ என்று வைவதும் உண்டு. கெட்ட சகுனம் என்று கண்ட இடத்தில் அடிப்பதும் அந்த மூடநம்பிக்கையால்தான். வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமாக அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள்.

பேத்திக்குக் கோடை லீவு விட்டதும், திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகிற வண்டியில் அய்யலூரில் இறங்கலாம். வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் ஆளோடு மட்டும் போங்கள். போனில் வெளிச்சம் போட்டு வீடியோ எடுக்க விடாதீர்கள். அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அந்தத் தாயத்தை மட்டும் எனக்குத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். உள்ளே நிஜமாகவே தேவாங்கு முடி இருந்தால் வைத்திருக்கும் உங்களுக்கும் வாங்குகிற எனக்கும் சட்டப்படி வம்பு. ஆனால் அந்தக் காலத்து வியாபாரி ஒரு தேவாங்கை வைத்துக்கொண்டு ஊருக்கு நூறு தாயத்து விற்றவன். ஒரு தேவாங்கின் உடம்பில் அவ்வளவு முடி கிடையாது. ஆட்டு மயிராகத்தான் இருக்கும். பேத்தியின் பள்ளிக்கூடத்தில் மைக்ரோஸ்கோப் இருந்தால் அவளையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூவிரல் ஸ்லாத்தின் ரோமத்தில் மட்டும் குறுக்கே குறுக்கே வெடிப்பு ஓடும், வெடிப்புக்குள் பச்சைப் பாசி ஒட்டியிருக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே பத்திரிகைக்குப் போன் போடுங்கள். உங்கள் அப்பாயியிடம் தாயத்து விற்றவன் எந்தக் கப்பலில் வந்தான் என்று நான் விசாரிக்க வேண்டும்.